திரையும் உறையும்

யாழ்ப்பாண நகரில் மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்கும் கடையொன்றின் முன் ஐந்து நிமிடம் நின்று பார்ப்போருக்கு, மனிதன் தன் உடைமையைக் காப்பதற்கு எத்தனை வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறான் என்ற வியப்பு ஏற்படாமற் போகாது. ஆசனங்களுக்கு றெக்சின் உறை. அந்த உறை அழுக்காகாதிருக்க அதன்மேல் மாட்டத் துணி உறை. காலடியில் இறப்பர் விரிப்பு. முன் கண்ணாடிக்குள் விரித்து வைக்க வெள்ளி நிற மறைப்பு. பக்கக் கண்ணாடிகளில் ஒட்டி வைக்கக் கறுத்த வலைத் திரை. சுருள் சுருளாகக் கறுப்புப் படலம். கடைக்காரர் இவை யாவற்றையும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லால் விற்கிறார். எதற்குப் பாதுகாப்பு என்று கேட்டால் விடை உடனே வரும். எதனிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதில் வருவதில்லை. இந்த இரண்டாவது கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

காரின் உறையைப் பற்றி எழுத இலக்கிய ஏடொன்றில் இடம் வேண்டுமா என்று சிலர் நகைக்கலாம். ஒரு சமூகத்தின் ஒழுக்கம் அதன் நீதிநூல்களில் மட்டும் வாழ்வதில்லை. கிணற்றடியிலும், படலையிலும், தேநீர்க் கடையில் யாருக்கு எந்தப் பாத்திரத்தில் தேநீர் ஊற்றப்பட்டது என்பதிலும் அது வாழ்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றைச் சிறிதேனும் கற்றவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள். அப்படியாயின், இன்று வாசலில் நிற்கும் காரின் ஆசனமும் கண்ணாடியும் மட்டும் அவ்வரலாற்றுக்குப் புறம்பாக நிற்கும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு?

முதலில் உறையின் பக்கம் நின்று பேசுவோம். எமது குடாநாட்டின் வெயிலையும் காற்றையும் அறிந்தவர்கள் உறையையும் திரையையும் வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. சித்திரை, வைகாசியில் காண்டாவனம் எரிக்கிறது. அதனை ஒட்டியே சோளகம் எழுந்து, வலிகாமத்துச் செம்மண்ணையும் வடமராட்சிக் கரையோர மணலையும் வாரி இறைக்கிறது. கடலுக்கு அண்மையில் உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. மூடிய கார் ஏன் அடுப்பாகிறது என்பதை எட்டாம் வகுப்பு மாணவனும் விளக்குவான். சூரிய ஒளி கண்ணாடியினூடாக உள்ளே புகுகிறது; ஆசனமும் தளமும் அதனை உறிஞ்சிச் சூடாகின்றன; அவை திரும்ப வெளிவிடும் வெப்பக் கதிர்களோ கண்ணாடியைக் கடந்து வெளியேற முடிவதில்லை. புற ஊதாக் கதிர் பட்டு றெக்சின் வெடிக்கிறது, நிறம் மங்குகிறது. இவற்றிற்கு எதிராக ஒரு மறைப்பை விரிப்பவன் அறிவுள்ள செயலையே செய்கிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொருளைப் பேணுதல் எமது மக்களுக்குப் பஞ்சம் கற்பித்த பாடம். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. எங்கள் தந்தையர் தலைமுறை மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ-40 ஐயும் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியது. கிழிந்த ஆசனத்தைச் சாக்கால் தைத்து, உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகத் தகரத்தையும் பொலித்தீனையும் பொருத்தி, அந்தக் கார்களை அவர்கள் பாதுகாத்தார்கள். அந்தக் கார்களே நோயாளிகளை ஏற்றின; இடம்பெயர்ந்தவர்களின் மூட்டைகளைச் சுமந்தன. அன்று பொருளைக் காத்ததன் நோக்கம் மனிதரை ஏற்றுவதாக இருந்தது. உழைத்துச் சேர்த்த பொருளைப் பேணுபவனை உடைமைப் பித்தன் என்று ஏசுவது முற்போக்கு ஆகாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னர், என் கண்முன் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வடமராட்சியில் ஒரு மாரிகால மாலை. பாடசாலை விட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்த நான் ஒழுங்கையில் வழுக்கி விழுந்து, முழங்காலிலிருந்து தோள்வரை சேறாகி நின்றேன். சைக்கிளின் முன்சில்லு வளைந்துவிட்டது. அவ்வழியே என்னோடு படிப்பிக்கும் நண்பர் ஒருவர் தம் சிறிய காரில் வந்தார். அக்கார் தவணைக் கடனில் வாங்கப்பட்டது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களின் விலையும் ஏறியிருந்த காலத்தில், சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து அவர் அதனை வைத்திருந்தார். என் கோலத்தைக் கண்டு நான் தயங்கியபோது அவர் கதவைத் திறந்துவிட்டு, "பரவாயில்லை, ஏறும் மாஸ்ரர். சீற் கழுவினாப் போகும்" என்றார். ஏறி அமர்ந்தேன்.

கால் மைல் தூரம் போயிருப்போம். வயற்கரையில் நால்வர் கைகாட்டி மறித்தார்கள். களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்ணொருவரைப் பாம்பு கடித்துவிட்டது. அவருடைய மகள் என் வகுப்பில் படிப்பவள். நண்பர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோம் என்று தாமே சொன்னார். அவர் நல்லவர் என்பதில் எனக்கு அன்றும் ஐயம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணைத் தாங்கிக்கொண்டு வந்தபோது, நண்பர் இறங்கிப் பின்பக்கம் சென்று, பசளைச் சாக்கொன்றை எடுத்து வந்து, பின் ஆசனத்தில் விரித்து, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தார். விஷம் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் சாக்கு விரிக்க அரை நிமிடம் கிடைத்தது.

அந்தப் பெண் சாக்கைப் பார்த்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். "நான் கீழை இருக்கிறன் சேர்" என்று சொல்லிவிட்டு, ஆசனத்தில் அமராமல், கால் வைக்கும் தளத்தில் ஒடுங்கி இருந்தார். கடிபட்ட காலை அசையாமல் நீட்டி வைக்க அங்கே இடமில்லை. "மேலை இரும்" என்று நண்பர் இருமுறை சொன்னார். அவர் எழவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மந்திகை வரையும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். ஆகவே இதனைச் சிறு விஷயம் என்று மறந்துவிடலாம். எனக்கு மறக்க முடியவில்லை. ஏனெனில், நான் அமர்ந்திருந்த முன் ஆசனத்திலும் அதே மாரிமழையின் சேறு அப்பியிருந்தது. என்னிலிருந்து ஆசனத்தைக் காக்கச் சாக்கு வரவில்லை. அவரிலிருந்து காக்கச் சாக்கு வந்தது. அவர் எந்தக் குறிச்சியைச் சேர்ந்தவர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சேறுதான் காரணமெனின் சேறு இருவரிடமும் இருந்ததே! எனவே, அந்தச் சாக்கு எதனைத் தடுக்க விரிக்கப்பட்டது என்ற கேள்விக்கு ஒரே விடைதான் எஞ்சுகிறது.

அந்தப் பெண் ஏன் தளத்தில் இருந்தார் என்பதும் விளங்காத புதிரன்று. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது யாழ்ப்பாணத்தில் விதிக்கப்பட்டிருந்த தடைகளை ஆராய்ச்சியாளர்கள் பட்டியலிட்டிருக்கிறார்கள். கோயிலுக்குள் புகக்கூடாது, பொதுக் கிணற்றில் அள்ளக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, வாடகைக் காரில் ஏறக்கூடாது, சைக்கிளோ காரோ சொந்தமாக வைத்திருக்கக்கூடாது. அப்பட்டியலில் பஸ் ஆசனத்தில் அமரக்கூடாது என்பதும் ஒன்று. காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய மனிதனுக்குப் பஸ்ஸின் தளமே ஆசனமாக இருந்தது. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பெயரால் தடை விதிப்பதைக் குற்றமாக்கிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. கதவுகள் மூடியே இருந்தன. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலமும், தேநீர்க் கடைப் பிரவேசங்களும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டமும் அவற்றைத் தட்டின. இன்று பஸ்ஸில் எவரும் எவரையும் தளத்தில் இருத்துவதில்லை. அது உழைக்கும் மக்கள் அடிபட்டுப் பெற்ற வெற்றி.

ஆனால் பொது வாகனத்தில் தோற்ற வழக்கம் தனி வாகனத்துக்குள் ஒதுங்கிக்கொண்டது. பஸ்ஸின் ஆசனம் பொதுச் சொத்து. அதற்குச் சட்டம் உண்டு. காரின் ஆசனம் தனிச் சொத்து. அதற்கு உறை உண்டு. பாட்டனார் 'தீட்டு' என்ற சொல்லைக் கூச்சமின்றிச் சொன்னார். பேரனார் 'அழுக்கு' என்கிறார். சொல் நாகரிகமடைந்திருக்கிறது. சாக்கு விரிக்கும் கையோ அதே கை.

உறையைப் போன்றே திரைக்கும் ஒரு வரலாறு உண்டு. வசதி படைத்த குடும்பத்துப் பெண்கள் முன்னும் பின்னும் திரை கட்டிய கூடார வண்டியிற் சென்ற காலம் ஒன்றிருந்தது. பெண்ணைப் பிறர் காணலாகாது என்ற ஆணின் அதிகாரத்தையும், குடும்பத்தின் அந்தஸ்தையும் அத்திரை ஒருங்கே அறிவித்தது. மேற்சொன்ன தடைப் பட்டியலைக் கூர்ந்து நோக்குவோருக்கு அதில் இன்னொன்று புலப்படும்: ஒடுக்கப்பட்டோர் தம் வீட்டுப் பெண்களை அவ்வாறு மறைவில் வைத்துக்கொள்வதும் தடுக்கப்பட்டிருந்தது. திரை கேட்டாலும் கிடைக்காது என்பதே அவர்கள் நிலை. துரும்பர் எனப்பட்ட மக்களுக்கு நேர்ந்ததோ இதனினும் கொடியது. பகலில் அவர்கள் பிறர் கண்ணிற் படக்கூடாது; இரவில் நடக்கும்போதும் ஓலையை இழுத்து ஓசை எழுப்பி எச்சரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்ததாக எழுதப்பட்டுள்ளது. ஆக, ஒருவருக்கு மறைவு மரியாதையாயிற்று. இன்னொருவருக்கு மறைவு மறுக்கப்பட்டது. வேறொருவருக்கு மறைவே தண்டனையாயிற்று. யார் யாரைக் காணலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை எப்போதும் ஒரே பக்கத்தில் இருந்தது.

துணித் திரையின் இடத்திற் கறுத்த கண்ணாடி வந்தபோது அவ்வுரிமை உயிர்களைக் கொண்டுபோகும் வல்லமையும் பெற்றது. 2006 ஆகஸ்ட் 11 ஆம் நாள் முகமாலையில் போர் மூண்டு ஏ-9 வீதி மூடப்பட்டபோது நான் பாடசாலை மாணவன். ஊரடங்கு இரவுகளில் ஒழுங்கைக்குள் வாகனமொன்றின் ஓசை கேட்டால் வீட்டிலுள்ளோர் விளக்கை அணைத்து மூச்சடக்கி இருந்ததை என் வயதினர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வான். உள்ளே இருப்போர் எவரெனக் காட்டாத கண்ணாடி. அதிலே ஏற்றப்பட்டோர் பலர் திரும்பவில்லை. தென்னிலங்கையிலும் பத்திரிகையாளர் சிலருக்கு அதே வான் வந்தது. கொண்டுபோனவர் யார் என்று கேட்டபோது அயலார் சொல்லக்கூடிய சாட்சியம் ஒன்றே: "கண்ணாடி கறுப்பு."

அதே நாட்களில் குடிமக்களின் வாகனங்களுக்கு வேறொரு விதி இருந்தது. சோதனைச் சாவடியை அணுகும்போது முன்விளக்கைத் தணித்து, உள்விளக்கை எரித்து, கண்ணாடியை இறக்கி, முகத்தைக் காட்ட வேண்டும். குடிமகன் தன்னை முழுமையாக வெளிச்சத்திற் காட்டினான். அதிகாரம் இருளுக்குள் அமர்ந்து அவனைப் பார்த்தது. தன்னைக் காட்டாது பிறரைக் காணும் நிலையே அதிகாரத்தின் மிகப் பழைய ஆசனம். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டம், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்களின் முகத்தைக் காட்டுங்கள் என்ற கோரிக்கையேயாகும். 2016 இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. 2018 இல் அவ்வலுவலகம் இயங்கத் தொடங்கியது. எனினும் அத்தாய்மாரின் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கையில் படத்தை ஏந்தியபடியே பலர் இறந்துபோயினர்.

சட்டத்தால் இதனைத் தீர்க்க முடியாதா என்று கேட்கலாம். அண்டை நாடான இந்தியாவில் 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன், பின் கண்ணாடிகளினூடாக 70 வீத ஒளியும் பக்கக் கண்ணாடிகளினூடாக 50 வீத ஒளியுமேனும் செல்ல வேண்டும் என அளவிட்டன. கறுப்புப் படலம் குற்றங்களை மறைக்கிறது என்ற வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் படலம் ஒட்டுவதையே தடைசெய்தது. மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் உள்ளோருக்கு விலக்குக்கு வழி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் நாட்டிலும் 2025 ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீ லங்கா' திட்டத்தையொட்டி, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் உள்ள மேலதிகப் பொருத்துகளை அகற்றுமாறு பொலிசார் முனைந்தபோது தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. தன் ஓட்டோவுக்குள் ஒரு சாமிப் படமும் நான்கு பிளாஸ்ரிக் பூக்களும் கட்டிய தொழிலாளியிடமிருந்தே ஒழுங்கு தொடங்க வேண்டுமா என்ற அவர்களின் மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. சட்டம் கண்ணாடியின் ஒளியை அளக்கும் கருவியை வைத்திருக்கிறது. யார்முன் அக்கருவியை நீட்டுவது என்பதை வேறொன்று தீர்மானிக்கிறது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். மறைவு எல்லார்க்கும் உரிய தேவையன்றோ? வானிற் செல்லும் தாய் குழந்தைக்குப் பாலூட்ட ஒரு திரை வேண்டாமா? புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து தலைமுடி இழந்து திரும்பும் பெண், தெருவின் பார்வைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அவர்களுக்குத் திரை வேண்டும். அவர்கள் கேளாமலே நாம் பிடித்துக் கொடுக்க வேண்டும். எளியவர் வலியவரின் பார்வையிலிருந்து தம்மைக் காக்கும் திரையும், வலியவர் எளியவரின் கேள்வியிலிருந்து தம்மைக் காக்கும் திரையும் ஒரே துணியில் நெய்யப்படலாம். அதனால் அவை ஒன்றாகிவிடமாட்டா. வெயிலைக் காரணம் காட்டுவோருக்கும் ஒரு சொல். சூரிய சக்தியில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகவே வருகிறது. அவற்றைத் தடுத்துக் கட்புலனாகும் ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விடும் தெளிந்த படலங்கள் இன்று உண்டு. வெப்பத்தைத் தடுக்கக் கண்ணாடி இருட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பழைய நாட்களைப் பொற்காலமாக்கவும் நான் முற்படவில்லை. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவானை முதியோர் இன்றும் வாஞ்சையோடு நினைவுகூர்வர். மரத்தாலான உடல், பக்கங்களிற் கண்ணாடி இல்லை, பின்தட்டியைச் சங்கிலியில் இறக்கி மரக்கறிக் கடகங்களை அடுக்குவார்கள், காற்றும் தூசியும் எல்லார் முகத்திலும் ஒன்றாகவே அடிக்கும். அந்த வண்டிக்கு உறையும் இல்லை, திரையும் இல்லை. ஆயினும் வாகனங்களில் யார் எங்கே அமரலாம் என்ற விதி நிலவியதும் அந்த யுகத்தின் தொடக்கத்திற்றான். கண்ணாடியை அகற்றிவிட்டால் சமத்துவம் வந்துவிடாது. மனத்திலுள்ள தட்டியை இறக்காதவரை, திறந்த வண்டியிலும் மனிதன் மனிதனிடமிருந்து மறைந்தே இருப்பான்.

ஆகவே, உறைகளைக் கிழித்தெறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலிலிருந்தும் தூசியிலிருந்தும் உப்பிலிருந்தும் பொருளைக் காப்போம். அதற்காக விரித்த ஒன்று எப்போது ஒரு சக மனிதரிடமிருந்து காக்கும் கருவியாக மாறுகிறது என்பதிற் கண்ணாயிருப்போம். அதனைக் கண்டுகொள்ளும் வழி எளிது: இதே சேற்றோடு, இதே வியர்வையோடு என் மேலதிகாரி வந்து நின்றால் இந்தச் சாக்கை நான் விரிப்பேனா என்று தன்னைத்தான் கேட்டுக்கொண்டாற் போதும்.

ஒரு கிழமை கழித்து, பாடசாலை மரத்தடியில் நண்பரிடம் இதைப் பேசினேன். "சேறெண்டுதான் விரிச்சனான்" என்றார் முதலில். என் உடையிலிருந்த சேற்றை நினைவூட்டினேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்னர் சொன்னார்: "அப்பவே சொல்லியிருக்கலாமே. நீரும் பேசாமத்தானே இருந்தனீர்."

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவர் விரித்தது ஒரு சாக்கு. நான் விரித்தது மௌனம். நண்பரின் மனம் கோணாதிருக்க, என் மதிப்பு அழுக்காகாதிருக்க விரித்த உறை அது. சமத்துவத்தைப் பற்றி வகுப்பறையில் நாற்பது நிமிடம் பேசத் தெரிந்த எனக்கு, காருக்குள் 'சாக்கை எடும்' என்ற இரண்டு சொற்களைச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் மகள் இன்றும் என் வகுப்பில் முன்வரிசையில் இருக்கிறாள். தாய் எங்கே இருந்து வைத்தியசாலைக்குப் போனார் என்பது அவளுக்குத் தெரியுமோ, நான் அறியேன். அடுத்த முறை என் வாய் திறக்குமா என்பதை மட்டும் நான் நாள்தோறும் அவள் முன்னிலையில் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.